பூட்டி வைத்த புத்தகம்தான் முதலில் கெடுகிறது

புத்தகம் சேர்ப்பவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி செய்துகொள்கிறார்கள். தூசி படாது, சின்னப் பிள்ளைகள் கிழிக்க மாட்டார்கள், இரவல் கேட்பவர் கை நீளாது என்ற நினைப்பு. பத்து வருஷம் கழித்து அந்த அலமாரியைத் திறந்தால் மூக்கில் ஏறுவது பூஞ்சண நெடி. அதே வீட்டில் சோபா பக்கத்திலும் தலையணை ஓரத்திலும் கிடந்து, நாலு பேர் கைமாறி வந்த புத்தகம் அட்டை கசங்கியிருந்தாலும் தாள் நன்றாகவே இருக்கும். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இது தற்செயல் இல்லை. எடுத்துப் புரட்டும்போது தாள்களுக்கு நடுவே காற்று போகிறது, பூச்சி கலைகிறது, கெட ஆரம்பித்திருந்தால் அப்போதே கண்ணில் படுகிறது. வாசிப்பதுதான் முதல் பராமரிப்பு. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முதலில் ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்றாலே பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வெளிக்காற்றை மாற்ற முடியாது. அலமாரிக்குள் அந்தக் காற்று தேங்காமல் பார்த்துக்கொள்ள முடியும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி அலமாரிக்குள் ஒரு வாரமும் அறையில் ஒரு வாரமும் வைத்துப் பாருங்கள். உள்ளே காட்டும் எண் எப்போதும் அதிகமாக இருந்தால் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், அல்லது பின்பலகையில் மேலும் கீழும் துளை போட வேண்டும்.

அலமாரி எந்தச் சுவரை ஒட்டி நிற்கிறது என்பது அது எந்த மரத்தில் செய்தது என்பதைவிட முக்கியம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைக்குப் பின்சுவர், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ்ச்சுவர் மூன்றும் கூடாது. வேறு இடமே இல்லையென்றால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். தரை துடைக்கும் ஈரம், குழாய் உடைந்து வீட்டுக்குள் வரும் தண்ணீர் இரண்டுமே முதலில் தொடுவது அடித்தட்டைத்தான். சுவருக்குள் குடைந்து கட்டிய அலமாரிகளில் இந்த இடைவெளிக்கு வழியில்லை. அங்கே பின்பக்கம் புத்தகம் படாதபடி ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்தால் இரண்டு அங்குலம் கிடைக்கும்.

தட்டு வளைவது அடுத்த தொல்லை. ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் 20 முதல் 30 கிலோ எடை வரும். முக்கால் அங்குல பிளைவுட் என்றால் 75 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கி வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அதற்கும் முன்பே நடுவில் தொய்யும், ஈரம் பட்டால் உப்பும். செலவு குறைவாக முடிக்க வேண்டுமென்றால் ஸ்லாட்டட் ஆங்கிள் எனப்படும், துளை போட்ட சட்டங்களை நட்டு போட்டு முடுக்கும் இரும்பு ரேக்கைச் சொல்வேன். பார்க்க அலுவலகம் மாதிரி இருக்கும், ஆனால் நாலு பக்கமும் காற்று போகும்.

அடுக்கும் விதத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விரல் நுழையாத அளவுக்கு நெருக்கி அடுக்கினால் எடுக்கும்போது முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுக்கத் தோன்றும், அந்த இடம்தான் முதலில் கிழியும். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் லேசாக உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை இடுப்பில் பிடித்து எடுக்க இடம் இருக்க வேண்டும். தளர்வாக விட்டால் சாய்ந்து முதுகு கோணும். பெரிய, கனமான அகராதிகளைப் படுக்க வைப்பதே நல்லது. மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம்.

பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். சேதத்தைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அட்டையின் மேற்பரப்பும் பசை ஒட்டிய இடங்களும் சுரண்டியது மாதிரி, ஒழுங்கில்லாத விளிம்போடு அரிக்கப்பட்டிருந்தால் அது சில்வர்ஃபிஷ். வாலில் மூன்று நீண்ட மயிர், விளக்கைப் போட்டதும் ஓடி ஒளியும். அதற்கு மாவுச்சத்தும் ஈரமும் வேண்டும். இடம் காய்ந்தாலே பாதி குறையும். ஒரு கண்ணாடி பாட்டிலின் வெளிப்பக்கத்தில் காகித டேப் சுற்றி, உள்ளே ஒரு துண்டு ரொட்டி போட்டு இரவில் வைத்தால், ஏறி உள்ளே விழுந்தது வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் போரிக் பவுடரை அலமாரிக்குப் பின்னால் சுவரோரம் மெல்லிய கோடாகத் தூவலாம். புத்தகத்தின் மேல் தூவக் கூடாது. தவழும் குழந்தையோ நாய் பூனையோ உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம்.

தாளை ஊடுருவி வட்டமான சின்னத் துளை, கூடவே மாவு மாதிரி தூள் என்றால் ராமபாணம். துளை போடுவது வண்டின் புழு. வெளியே பறப்பது வண்டு. துளை இருக்கிறது என்பதற்காக இப்போதும் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தூளைத் தட்டிவிட்டு, புத்தகத்தை ஒரு கறுப்புத் தாளின் மேல் பத்து நாள் வையுங்கள். புதிதாகத் தூள் உதிர்ந்தால் உயிரோடு இருக்கிறது. அதற்கு மருந்து ஃப்ரீசர்தான். புத்தகத்தை பாலிதீன் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, அதை இன்னொரு கவருக்குள் போட்டு மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் காற்றிலுள்ள ஈரம் வேர்த்து நிற்கும், பூச்சியைக் கொன்ற கையோடு பூஞ்சணத்தை வரவழைத்த மாதிரி ஆகும். முட்டைகள் தப்பியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் சில நாள் விட்டு இன்னொரு முறை வைக்கலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் இந்தக் குளிருக்குப் போகாது. தனிக் கதவு உள்ள ஃப்ரீசர் வேண்டும்.

கரையான் வேறு விஷயம். சுவரில் மண் கோடு தெரிந்தால் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். கோட்டை உடைத்துத் துடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் நடக்கிற தவறு. புற்று மண்ணுக்குள் இருக்கிறது, ரெண்டு நாளில் பக்கத்திலேயே புதுக் கோடு வரும். இரும்பு ரேக்கும் இதற்கு விலக்கில்லை; கால் வழியாகவோ ஒட்டியிருக்கும் சுவர் வழியாகவோ மண் கட்டிக்கொண்டே ஏறிவிடும். மருந்து அடிப்பவரை அழைத்துச் சுவருக்கும் தரைக்கும் அடிக்கச் சொல்லுங்கள். புத்தகங்கள் அதற்கு முன்பே வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

அந்துருண்டை பற்றி எல்லோரும் கேட்பார்கள். என் கருத்து, வேண்டாம் என்பதுதான். திறந்த தட்டில் அதன் நெடி பூச்சியைக் கொல்லாது. மூடிய அலமாரியில் போட்டால் நெடி மனிதர்களுக்கும் சேர்த்துத்தான். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்த அணுக்களை உடைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. சுவடிக்கட்டுகளோடு வசம்பு வைக்கும் வழக்கம் பழையது. வசம்பை இடித்துத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வைக்கலாம், மூன்று நான்கு மாதத்தில் வாசம் போனதும் மாற்ற வேண்டும். பூச்சி வராமல் தள்ளிவைக்க ஓரளவு உதவும், வந்த பூச்சியை விரட்டாது. வேப்பிலை வைப்பதானால் நிழலில் சருகாகக் காய்ந்த பிறகே வையுங்கள். பச்சை இலை தன் ஈரத்தையும் கறையையும் தாளுக்குக் கொடுத்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் துடைக்க நம் நாட்காட்டியிலேயே சரியான இடம் இருக்கிறது. சரஸ்வதி பூஜை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிறது. பூஜைக்கு நாலு புத்தகம் எடுத்து வைப்பதோடு நிற்காமல், அதற்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு தட்டாக இறக்குங்கள். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பை முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். தளர்வாகப் பிடித்தால் தூசி உள்ளே இறங்கும். ஈரத்துணி தட்டுக்கு மட்டும். தட்டு முழுக்கக் காய்ந்த பிறகே புத்தகம் ஏற வேண்டும். பின்பு ஒவ்வொன்றையும் ஒருமுறை விசிறி மாதிரி புரட்டி வையுங்கள். பூஜையில் சந்தனமும் குங்குமமும் நேராக அட்டையில் வைத்தால் அந்தக் கறை போகாது, சந்தனத்தின் ஈரம் அட்டையைச் சுருக்கவும் செய்யும். அளவான ஒரு காகிதப் பட்டையை அட்டைக்கு மேல் சுற்றி அதில் பொட்டு வைத்தால் மரியாதையும் குறையாது, புத்தகமும் குறையாது.

இனி பழுதுபார்ப்பு. பழைய பத்திரிகை இதழ்கள், சின்னச் சின்னப் பிரசுரங்கள் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுவது. கடற்காற்று படும் ஊரில் பின் துருப்பிடிக்கும், துரு சுற்றியுள்ள தாளை அரித்து நடுத்தாள் தனியாகக் கையோடு வரும். இதழை நடுப்பக்கத்தில் விரித்து, பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் ஒரு துண்டு அட்டையைச் செருகுங்கள், தாள் கீறாமல் இருக்க. மழுங்கிய மேஜைக் கத்தியால் இரண்டு கால்களையும் நேராக நிமிர்த்தி, இதழைத் திருப்பிப் போட்டு வெளிப்பக்கத்திலிருந்து பின்னை மெதுவாக இழுக்க வேண்டும். உள்ளேயிருந்து பிடுங்கினால் கிழியும். துருத் தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் தொடக் கூடாது.

அதற்குப் பதில் நூல் தையல். மடிப்பின் மேல் மூன்று புள்ளிகள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. பழைய பின் துளைகள் நைந்திருக்கும், அவற்றைத் தவிர்த்து ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து புதிதாகக் குத்துங்கள். நூல் கெட்டியான பருத்தி நூலாக இருக்கட்டும், முதுகின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு. நைலான் நூல் அழுத்தமானது, ஆனால் நாளடைவில் தாளையே அறுக்கும். நூலை மெழுகில் ஒருமுறை உரசிக்கொண்டால் சிக்கு விழாது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போய், மேல் துளை வழியாக உள்ளே வந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே போய், மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வர வேண்டும். இப்போது உள்ளே மேலிருந்து கீழாக ஒரு நீள நூல் ஓடும். இரண்டு முனைகளையும் அதன் இரு பக்கமும் வருமாறு வைத்து, அந்த நூலையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். இறுக்கும்போது நூலை மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழிந்து நீளும்.

கிழிந்த தாளுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பிளாஸ்டிக் உரிந்து விழும், பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தையும் கெடுக்கும். அதை எடுக்கப் போனால் தாளும் சேர்ந்து வரும். மெல்லிய டிஷ்யூ தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். இந்தப் பசைக்குத் தேவையானது அல்வாவுக்கு எடுக்கிற அதே கோதுமைப் பால். கோதுமையை இரவு ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து வடிகட்டி, பாலைத் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் மஞ்சள் நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றிக் கலக்கி மறுபடி தெளிய விட வேண்டும். இரண்டு மூன்று தரம் செய்தால் அடியில் வெள்ளை மண்டி நிற்கும். மைதாவில் உள்ள பசைப்புரதம் இதில் பெரும்பாலும் இருக்காது. மைதாப் பசை காய்ந்து விறைத்து, பூச்சிக்கும் விருந்தாவது அந்தப் புரதத்தாலும்தான். வண்டலில் ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறுதீயில் கைவிடாமல் கிண்டினால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பால் நிறம் மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறியதும் வடிகட்டியில் தேய்த்து எடுத்து, ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

டிஷ்யூவைக் கத்தரிக்காமல் ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் விளிம்பில் இழைகள் நீட்டிக்கொண்டு தாளோடு கலக்கும். பசையை மிக மெல்லிசாகத் தடவி, கிழிசலின் மேல் வைத்து, இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து ஒரு கனமான அகராதியின் அடியில் ராத்திரி முழுக்க விடுங்கள். தாள் சுருங்கிவிட்டால் பசை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

பைண்டிங் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் நாலு விஷயத்தை வாயால் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் வழக்கப்படிதான் செய்வார்கள். ஒன்று, கட்டிங் வேண்டாம், அல்லது மயிரிழை மட்டும். மூன்று பக்கமும் மெஷினில் வெட்டும்போது பழைய இதழ்களின் பக்க எண்ணும் ஓவியரின் கையெழுத்தும் போய்விடும். இரண்டு, பக்கவாட்டுத் தையல் வேண்டாம், ஃபாரம் ஃபாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்பட்ட பக்கக் கட்டுதான் ஃபாரம்) மடிப்பில் தைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் குத்தித் தைத்தால் உள் ஓரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விழுங்கப்பட்டு, புத்தகத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். நாளாக நாளாக அந்த அழுத்தத்திலேயே தாள் ஒடியும். மூன்று, பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் உள்ளே சேர்த்துத் தைக்க வேண்டும், விலையும் பதிப்பு விவரமும் பல சமயம் அதில்தான் இருக்கும். நான்கு, பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) குறைவாக. பூச்சி வராமலிருக்கப் போடுகிறார்கள், அதில் நியாயம் உண்டு, ஆனால் செம்பு சேர்ந்தால் தாள் சீக்கிரம் பழுத்து ஒடியும். தையல் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம், அது கைவேலை.

புதுப் புத்தகத்தில் பார்க்க வேண்டியது வேறு. தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக அச்சாகின்றன. ஒரு ஃபாரம் விட்டுப்போவது, ஒன்றே இரண்டு தரம் வருவது, தலைகீழாகச் சேர்வது எல்லாம் நடக்கும். புத்தகக் கண்காட்சியில் வாங்கினால் பில் போடுவதற்கு முன்பே பக்க எண்களைச் சரசரவென்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள், அங்கேயே மாற்றிக் கொடுப்பார்கள். பசை மட்டும் போட்ட முதுகாக இருந்தால் நடுவில் பிளந்து அழுத்தக் கூடாது. மேஜையில் முதுகு கீழே இருக்குமாறு நிறுத்தி, முன்னாலிருந்து சில பக்கம், பின்னாலிருந்து சில பக்கம் என்று மாற்றி மாற்றி லேசாக நீவிவிட்டு நடுவுக்கு வாருங்கள். பசை எல்லா இடத்திலும் சமமாகத் தளரும்.

வெள்ளத்தில் நனைந்த புத்தகத்துக்கு நேரம்தான் எதிரி. இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். சேறு பட்டிருந்தால் மூடிய நிலையிலேயே சுத்தத் தண்ணீரில் அலசுங்கள். சொட்டச் சொட்ட இருக்கும்போது பக்கங்களைப் பிரிக்க முயன்றால் கிழியும். முதலில் நிறுத்தி நீரை வடியவிட்டு, பிறகு பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக அச்சில்லாத நியூஸ்பிரிண்ட் தாளோ சமையலறை டிஷ்யூவோ செருகி, நனைய நனைய மாற்ற வேண்டும். அச்சடித்த செய்தித்தாளின் மை ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி ஓடட்டும், வெயில் வேண்டாம். வெயிலில் அட்டை முறுக்கிக்கொள்ளும், தாள் பழுக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் காய்ந்தால் செங்கல் போல ஒட்டிக்கொள்ளும், அதை ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துத் தாள் செருக வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் காயவைக்க ஆள் இல்லையென்றால், மீதியைக் கவரில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கலாம். பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், தாளுக்குள் தேய்ந்து போகும். நன்றாகக் காய்ந்த பிறகு, மொட்டை மாடியில், என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

சில தாள்களைக் காப்பாற்ற முடியாது. மலிவுப் பதிப்புகளுக்கும் வார இதழ்களுக்கும் பயன்பட்ட நியூஸ்பிரிண்டில், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டு அது பழுத்து அமிலமாகி, தாள் அப்பளமாக உடையும். மடித்தால் மடிப்பிலேயே துண்டாகும் நிலைக்கு வந்துவிட்டால் தைக்கவும் ஒட்டவும் முயலாமல் படம் எடுத்துவிடுவதே நல்லது. முழுதாக விரிக்காமல், இரு பக்கமும் புத்தகங்களை முட்டுக் கொடுத்துப் பாதி விரிப்பில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், முதலில் வலப்பக்கங்கள் முழுவதும், அப்புறம் இடப்பக்கங்கள் முழுவதும் எடுத்தால் வேகமாக முடியும்.

உங்களிடம் உள்ளது வேறெங்கும் இல்லாத பதிப்பாகவும் இருக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்துவைத்தவைதான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. அங்கே இருப்பவற்றில் பல அந்தக் காலத்தில் யாரும் பாதுகாக்க நினைக்காத பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், துண்டு இதழ்கள். ஈழத்து வெளியீடுகளுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையத்தளம் இருக்கிறது. பழையதை எடைக்குப் போடும் முன் அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பக்கம் மூன்றையும் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். அட்டை இல்லையென்றால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், கிடைத்தால் அச்சகத்தின் பெயர் உள்ள வரியும் போதும்.